வழக்குக்குப் போன கால்

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று கிளினிக் வாசல் பலகையில் எழுதியிருந்தது. ஆனால் சிஸ்டருக்கு அன்றைக்குத்தான் இடுப்பு ஒடிகிற வேலை. எழுந்ததும் எழாததுமாக, மூட்டில் சுற்றுகிற ஒட்டுநாடாச் சுருள்களை அகலம் பார்த்துப் பிரிக்க வேண்டும். கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் அடித்து நொறுக்க வேண்டும். எல்லாவற்றையும் பெரிய பையில் அடுக்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பது அவள். முதுகில் 'அணி மருத்துவர்' என்று அச்சடித்த மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரிப் பின்னால் வருவது எலும்பு டாக்டர், அவள் கணவர்.

ஊருக்கே அவள் சிஸ்டர்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் உரியவில்லை. மாமனார்கூட, "சிஸ்டர், ஒரு டீ கிடைக்குமா?" என்றுதான் கேட்பார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் ஒன்று கேலி, இல்லையென்றால் டிவியில் தெரியும் நடுவரைக் குறித்து ஒரு வசவு.

டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பேர். மாவுக்கட்டுப் போடுவதற்கு முன்னால் அடிபட்ட இடத்தில் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவுவார். அதிலேயே பாதி நோயாளிகளுக்கு வலி விட்டதுபோல் இருக்கும். வழுக்கி விழுந்தவர்கள், மாடிப்படியில் உருண்டவர்கள், மரத்திலிருந்து விழுந்த பிள்ளைகள் என்று வாரம் பூராவும் கூட்டம். ஒரு நாள் வாசலில் வந்து படுத்த தெருநாயின் காலுக்குக்கூடப் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்.

கால்பந்துக் கழகத்துக்காரர்கள் வந்து கேட்டபோது சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை.

"நமக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? சம்பளமும் கிடையாதுங்கறாங்க."

"வாரம் பூரா விழுந்தவங்களையே பாக்குறேன். ஒரு நாளாவது ஓடுறவங்களப் பாக்கக் கூடாதா?" என்றார் டாக்டர்.

மாமனார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "விழுந்தவன் எழுந்து நடந்தாலே உன்னைக் கும்புடுவான். ஓடுறவன் அப்படி இல்லடா. அவன் பறக்கலேன்னா உன்னைத்தான் வைவான்." சொல்லிவிட்டு, "ஆனா எனக்கு கேலரியில முன்வரிசை கிடைக்கும்னா ஒத்துக்க" என்றார்.

டாக்டர் ஒத்துக்கொண்டார். அப்படித்தான் கொக்கு அந்த வீட்டுக்குள் வந்தான்.

நெட்டைக் கால், நீளக் கழுத்து. எதிராளிகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று பந்தைப் பின்னங்காலால் கொத்தி எடுப்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் வைத்த பெயர். வெளியூர்ப் பையன். ஆட்டம் முடிந்ததும் வீக்கத்துக்கு ஐஸ் வைத்துக்கொள்ளும் சாக்கில் டாக்டர் வீட்டுக்கு வந்துவிடுவான். "அக்கா, முட்டை இருக்கா?" என்று கேட்டபடியே சமையலறைக்குள் நுழைவான். அவித்த முட்டையைத் தோலுரித்து ஒரே வாயில் போட்டுக்கொள்வான். பிறகு மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவருமாகச் சேர்ந்து டிவி நடுவருக்கு அர்ச்சனை செய்வார்கள்.

"இவன் பெரிய கிளப்புக்குப் போயிட்டா என்னை மறந்துடுவான், பாரு" என்பார் மாமனார்.

"நீங்க வராம நான் போவேனா? உங்கள டிரைவராக் கூட்டிட்டுப் போறேன்."

"பாத்தியா சிஸ்டர், இப்பவே வேலைக்காரனாக்கிட்டான்!"

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்னால் கொக்கு காலை லேசாகச் சாய்த்து நடந்து வந்தான். டாக்டர் பாதத்தின் வெளிப்பக்க எலும்பில் விரலை வைத்ததும் அவன் முகம் சுருங்கியது. படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"இனி இந்தப் பருவத்துக்கு ஆட்டம் கிடையாது. காலை ஊனாம உக்காரு. தானா ஒட்டிக்கும்" என்றார் டாக்டர்.

கொக்கு காலுறையை மாட்டிக்கொண்டு எழுந்தான். முட்டையும் கேட்காமல் போய்விட்டான்.

ஆட்டத்தன்று மைதானத்துக்குப் போனால், கேலரிக்கு அடியில் இருந்த சிகிச்சை அறையில் அவன் சீருடை போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அணி மேனேஜர். மேலே கூட்டம் காலால் தட்டத் தட்ட, கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. தைலத்தின் நெடியும் ஈரக் காலுறையின் வாடையும் மூக்கை அடைத்தன.

"டாக்டர், பெரிய கிளப்புலேர்ந்து ஆள் வந்திருக்காங்க. இவனைப் பாக்கத்தான்" என்றார் மேனேஜர்.

"அவனுக்கு எலும்புல விரிசல் இருக்கு. உங்ககிட்டச் சொல்லியாச்சு."

"சொன்னீங்க. நான் எதுவும் கேக்கல. ஆடறது அவன் இஷ்டம், ஊசி போடறது உங்க இஷ்டம். நான் வெளியில நிக்கிறேன்." அப்படியே வெளியே போய் நின்றுகொண்டார். கதவைச் சாத்தவில்லை.

கொக்கு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். "டாக்டர், எங்க ஊர்ப் பக்கம் யாரும் வர மாட்டாங்க. இங்க ஒரு தடவ வந்திருக்காங்க. அடுத்த வருஷம் வந்தா வேற எவனையாவது பாப்பாங்க. மரத்துப்போக ஒரு ஊசி போட்டா நான் ஆடிடுவேன். எனக்குத் தெரியும்."

"கால் போயிடும்டா."

"இன்னிக்கு ஆடலேன்னா எல்லாமே போயிடும். அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

சிஸ்டர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஆசைதான். இந்தப் பையன் பெரிய கிளப்புக்குப் போவதை டிவியில் பார்க்க வேண்டும் என்று மாமனாரைப் போலவே அவளும் நினைத்திருந்தாள். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

டாக்டர் சற்று நேரம் அந்தப் பாதத்தையே பார்த்தார். பிறகு மருந்தை உடைக்கச் சொன்னார். ஊசி உள்ளே போனது. எழுந்து நின்று காலைத் தரையில் தட்டிப் பார்த்த கொக்கின் முகம் பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளையின் முகம்போல ஆனது.

"பாத்து ஆடு" என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார்.

கொக்கு அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை ஊர் ரொம்ப நாள் பேசியது. இடைவேளைக்குப் பிறகு ஒரு மோதலில் விழுந்து எழுந்தான். எழுந்தவன் முன்னைவிட வேகமாக ஓடினான். கோலும் போட்டான். மாமனார் முன்வரிசையில் எழுந்து சட்டையைக் கழற்றிச் சுற்றினார். விழுந்தபோதே எலும்பு உடைந்துவிட்டது என்பது யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை. மரத்துப்போன காலோடு, உடைந்த எலும்பை மிதித்து மிதித்து ஆட்டம் முடியும் வரை ஓடியிருக்கிறான். அறைக்கு வந்து ஷூவைக் கழற்றப் பார்த்தால் பாதம் வெளியே வரவில்லை. சிஸ்டர்தான் கத்தரிக்கோலால் ஷூவை வெட்டினாள். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் டாக்டர் வண்டி கூப்பிடச் சொன்னார்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு ஒட்டவில்லை. தகட்டை மாற்றிப் போட்டார்கள். அப்போதும் ஒட்டவில்லை. பெரிய கிளப்பின் ஆட்கள் பூங்கொத்து ஒன்று அனுப்பியதோடு சரி. இனி பந்து பக்கமே போகக் கூடாது என்று ஆனபோது, ஊரிலிருந்து கொக்கின் அண்ணன் வந்தான். அவன்தான் வக்கீலைப் பார்த்தான்.

டாக்டர் முதலில் பதறவில்லை. "எல்லா டாக்டரும் இதுக்குத்தானே வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டுறோம்" என்றார். போன் போட்டுப் பேசினார். பேசப் பேச அவருடைய குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"என்னவாம்?" என்று கேட்டாள் சிஸ்டர்.

"சாதாரண ஆளோட காலுன்னா அவங்க பாத்துப்பாங்களாம். இது சம்பாதிக்கிற காலாம். சம்பளத்துக்கு விளையாடறவங்களுக்குத் தனியா எடுத்திருக்கணுமாம். அதையும் சுலபத்துல யாரும் தர்றதில்லையாம்."

"அப்ப கிளப்பு?"

மேனேஜரைத் தேடிப் போனார். நான்தான் வெளியில் நின்றேனே என்றார் மேனேஜர். நீங்கள் எங்கள் சம்பளத்தில் இல்லையே, சேவையாகத்தானே வந்தீர்கள் என்றார். காப்பி கொடுத்து அனுப்பினார்.

இவர்களுக்கு அமைந்த வக்கீலம்மா கறார்ப் பேர்வழி. கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"கால் உடைஞ்சதுக்கு இல்ல டாக்டர் வழக்கு. அந்தக் கால் இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்கும், என்னெல்லாம் சம்பாதிச்சிருக்கும், அதுக்குத்தான் கேக்கறாங்க. ஒரு கிழவர் இடுப்புன்னா நஷ்டம் சின்னது. இது நீங்க ஏழு ஜென்மம் மாவுக்கட்டுப் போட்டாலும் கட்டி முடியாது." பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "அந்த ரூம்ல நீங்க இருந்தீங்க. எலும்பு முழுசா உடையும், அப்புறம் ஒட்டாமப் போகலாம்னு இவர் எச்சரிச்சாரா?"

"கால் போயிடும்டான்னு சொன்னார்."

"அது கோவத்துல சொல்றது. ஊசி போட்டதுக்கு அப்புறம்?"

"பாத்து ஆடுன்னு சொன்னார்."

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "'பாத்து ஆடு' எச்சரிக்கை இல்லம்மா. ஆசீர்வாதம். நல்லா யோசிச்சுப் பாருங்க. வேற ஏதாவது சொல்லியிருப்பார். நீங்க மறந்திருப்பீங்க."

சிஸ்டர் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவ மறக்கல. அவ்வளவுதான் சொன்னேன்" என்றார்.

அந்தப் பதிலுக்காக அன்றைக்கு அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வக்கீலம்மாவோ பெருமூச்சு விட்டாள். "சரி. இனிமேயாவது நான் சொல்றதக் கேளுங்க. அந்தப் பையனைப் பாக்கக் கூடாது, பேசக் கூடாது. முக்கியமா, அந்தக் கால்ல கை வைக்கக் கூடாது. வச்சா, இன்னிக்கு வரைக்கும் கெட்டது, இனிமே கெடப்போறது, எல்லாம் உங்க தலையில விடியும்."

வழக்கு ஆமை வேகத்தில் நகர்ந்தது. பயம் மட்டும் குதிரை வேகத்தில் வந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் அடுத்த வருஷத்துக்குப் புதுப்பிக்கவில்லை. அது இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஆபரேஷன் அறையைத் தரவில்லை. மாவுக்கட்டுக்கு வந்த கூட்டமும் குறைந்தது. வந்த சிலரையும் டாக்டரே துரத்தினார். மணிக்கட்டு வீங்கிய ஒரு பிள்ளையை அம்மாக்காரி இடுப்பில் தூக்கி வந்தாள். சாதாரண முறிவு, முன்பெல்லாம் அரட்டை அடித்துக்கொண்டே கட்டிவிடுவார். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

"டாக்டர், என் மூத்தவனுக்கு நீங்கதானே கட்டுனீங்க?"

"அதுக்கில்லம்மா. எதுக்கும்."

அந்த 'எதுக்கும்' என்ற சொல் வீட்டில் குடியேறிவிட்டது. எதற்கும் கதவைத் தாழ் போட்டு வை. எதற்கும் போனை எடுக்காதே. மாமனார் டிவியில் பந்தாட்டம் வைப்பதையும் டாக்டர் நிறுத்திவிட்டார். கிழவர் சத்தமில்லாத செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேலியும் வற்றிவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். காலையிலிருந்து விடாமல் கொட்டியது. சிஸ்டர் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, ஒழுகும் இடத்தில் மாவுக்கட்டு வாளியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாளிக்கு இப்போது வேறு வேலை இல்லை. வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் கொக்கு. ஊன்றுகோல் இரண்டும் நனைந்து வழுக்க, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. பாதத்தில் சுற்றிய துணி நனைந்து, மழைத்தண்ணீரோடு வேறொரு நாற்றமும் சேர்ந்து வந்தது.

"அக்கா, அண்ணன் ஊருக்குப் போயிருக்கான். வேற எங்க போறதுன்னு தெரியல."

"தகடு வச்ச டாக்டர்கிட்டப் போனியா?"

"அவர் பேரையும் வழக்குல சேத்துட்டாங்களாம் அக்கா. என்னைப் பாக்கவே மாட்டேன்னுட்டார். வேற ரெண்டு எடத்துக்கும் போனேன். பேரைக் கேட்டாங்க. சொன்னதும், 'ஓ, அந்தக் காலா'ன்னு கதவைச் சாத்திட்டாங்க."

சிஸ்டர் அவனை உள்ளே இழுத்து பெஞ்சில் உட்கார வைத்தாள். துணியைப் பிரித்தாள். தகடு இருந்த இடம் வெடித்துச் சீழ் வழிந்தது. விரல்களின் பக்கம் தோல் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளறை வாசலில் டாக்டர் நின்றிருந்தார்.

"வந்து பாருங்க."

அவர் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். கண் அந்தக் காலை விட்டு நகரவில்லை. ஒரு காலடி முன்னால் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார்.

"சீழ் உள்ள எலும்பு வரைக்கும் போயிருக்கும். உடனே தெறந்து வெளிய விடணும்" என்றார்.

"நீங்க விடுங்களேன் டாக்டர்" என்றான் கொக்கு. "வழக்கு எல்லாம் அண்ணன் போட்டது. நான் சொல்லிடறேன்."

"நீ சொன்னா நிக்காதுடா."

"எழுதித் தரேன்."

"எழுதினாலும் நிக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. உடனே போ. இவனைக் கூட்டிட்டுப் போம்மா."

மாமனார் தடுமாறி எழுந்து வந்தார். "டேய், நாய்க்குக் கட்டுன கைதானேடா இது?"

"நாய் வழக்குப் போடாதுப்பா" என்றார் டாக்டர்.  சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

 சிஸ்டர் தானே புண்ணைக் கழுவி, புதுத் துணி சுற்றி, அவனைத் தோளில் தாங்கி அதே ஆட்டோவில் ஏற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதியது. தரையெல்லாம் மழைச் சேறு. இளவயது டாக்டரம்மா ஒருத்தி கையுறையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கட்டைப் பிரித்தாள். பாதிப் பிரித்தவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க... பந்து விளையாடினவர்தானே? வழக்கு நடக்குதே?"

"வழக்கு கிடக்குதும்மா. காலைப் பாருங்க" என்றாள் சிஸ்டர்.

"பாக்கறேன். சீனியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். தப்பா நினைக்காதீங்க, நான் வேலைக்குச் சேர்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது." காய்ச்சலுக்கு மருந்து ஏற்றிவிட்டு, பிரித்த கட்டைத் திரும்பச் சுற்றிவிட்டுப் போனாள். போனவள் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். "முதல்ல பாத்த டாக்டர் வந்து என்ன செஞ்சார்னு சொன்னா நல்லதுன்னு சார் நினைக்கிறார்" என்றாள்.

சிஸ்டர் நடைபாதையின் ஓரத்துக்குப் போய்க் கணவருக்குப் போன் செய்தாள்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். தொட வேண்டாம். விரல் கறுத்துக்கிட்டு வருதுங்க."

 அவர் சொன்னார்: "வக்கீலம்மாவைக் கேட்டுச் சொல்றேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அவர் திரும்பக் கூப்பிடவில்லை. வக்கீலம்மா வேண்டாம் என்றாளா, இவர் கேட்கவே இல்லையா என்று கடைசிவரை அவள் விசாரிக்கவில்லை. சீனியர் மறுநாள் வந்து பார்த்தார். அதற்குள் முன்பாதத்தைக் காப்பாற்ற முடியாமல் போய்விட்டது. பாதிப் பாதத்தை எடுத்தார்கள்.

சாட்சிக் கூண்டில் சிஸ்டர் நடந்ததை நடந்தபடி சொன்னாள். 'பாத்து ஆடு' என்றதையும் சொன்னாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் முகத்தில் கோபமே இல்லை. அண்ணன்காரனின் வக்கீல் மழை நாளைப் பற்றியும் கேட்டார்.

"உங்க வாசல்ல வந்து நின்னப்போ உங்க கணவர் என்ன செஞ்சார்?"

 "ஒண்ணும் செய்யல" என்றாள்.

ஊசி போட்டது தவறு என்று தீர்ப்பானது. நஷ்டஈடு கட்டக் கிளினிக் கட்டடம் கைமாற வேண்டும். அப்படியும் கேட்டதில் கால்வாசிகூடத் தேறாது. மழை நாளைப் பற்றித் தீர்ப்பில் ஒரு குறையும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் வக்கீலம்மா கறுப்பு அங்கியைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கு மட்டும் நீங்க அந்தக் காலைத் தொட்டிருந்தீங்க, மிச்சமும் போயிருக்கும். ஒதுங்கி நின்னீங்க பாருங்க, அதுதான் நீங்க செஞ்ச புத்திசாலித்தனம்."

டாக்டர் தலையை ஆட்டினார். சிஸ்டர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊசி போட்டதற்காக அவரை அவள் என்றைக்கோ மன்னித்திருந்தாள். கோர்ட்டு அதற்குத்தான் தண்டனை தந்திருந்தது.

கொக்கும் அண்ணனும் வெளியே வந்தார்கள். கோர்ட்டுப் படிகள் செங்குத்தானவை. பிடித்து இறங்கக் கம்பியும் கிடையாது. கொக்கு இவர்களைப் பார்த்து நின்றான்.

"அக்கா, பெரியவர் நல்லா இருக்காரா?"

"இருக்காரு."

"கேட்டேன்னு சொல்லுங்க."

அவனுக்குத் தோள் கொடுக்க அவள் நகர்ந்தாள். "நீங்க வர வேண்டாம்" என்றான் அண்ணன். சண்டைக் குரல்கூட இல்லை, களைத்துப்போயிருந்தான். அவன் ஊன்றுகோல்களை வாங்கிக்கொள்ள, கொக்கு மேல்படியில் உட்கார்ந்தான். கைகளை ஊன்றி, தவழ்கிற பிள்ளை மாதிரி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினான். கேலரியில் அவன் ஆட்டத்தைப் பார்த்த யாரோ ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு நின்றார். எலும்பு டாக்டரும் சிஸ்டரும் வக்கீலம்மாவும் மேலே நின்றார்கள். அவன் கடைசிப் படிக்கு இறங்குகிற வரைக்கும் யாரும் அங்கிருந்து நகரவில்லை.